சுண்டலும் குளூட்டன் இல்லாத கிராக்கரும்: ஒப்பீட்டில் விடுபடும் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாலையில் கொறிக்க எது நல்லது, வேகவைத்த பீன்ஸ் வகையா, 'குளூட்டன் ஃப்ரீ' (கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் இல்லாதது) என்று அச்சிட்ட கிராக்கர் பிஸ்கட்டா என்ற கேள்வியைச் சர்க்கரை நோயாளிகளும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரும் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். பதில் சொல்பவர்களில் பலர் இரண்டையும் 100 கிராம் கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "புரதம் ஏறக்குறைய சமம்" என்று முடித்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கு எங்கே சறுக்குகிறது என்பதை உங்கள் வாசகர்களுக்கு விளக்கவே இந்தக் கடிதம்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நாம் பீன்ஸ் என்றால் பொரியலுக்கு நறுக்கும் பச்சைக் காயைச் சொல்கிறோம். வெளிநாட்டுச் சத்து அட்டவணைகளில் பீன்ஸ் என்று வருவது பெரும்பாலும் உள்ளே முற்றிக் காய்ந்த விதை. இத்தனைக்கும் செடி ஒன்றுதான். இளசாகப் பறித்தால் பீன்ஸ் காய், முற்றவிட்டு உரித்தால் ராஜ்மா. ஆனால் சத்தில் இரண்டும் வெகு தூரம். 100 கிராம் பச்சை பீன்ஸில் சுமார் 31 கலோரி, புரதம் 2 கிராமுக்கும் குறைவு. அது காய்கறி, அந்தக் கணக்கில் நல்லது. "நான் தினமும் பீன்ஸ் சாப்பிடுகிறேன், புரதம் போதும்" என்று பொரியலை வைத்து நினைப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். இந்தக் கடிதத்தில் நாங்கள் பேசுவது ராஜ்மா, தட்டப்பயறு என்கிற காராமணி, மொச்சை, கொண்டைக்கடலை, டபுள் பீன்ஸ் போன்ற விதைகளைப் பற்றி.

இனி அந்த 100 கிராம் கணக்கு. வெந்த ராஜ்மா 100 கிராமில் சுமார் 127 கலோரி, புரதம் 8.7 கிராம். அரிசி மாவில் செய்த குளூட்டன் இல்லாத கிராக்கர் 100 கிராமில் சுமார் 400 கலோரி, புரதம் 6 முதல் 8 கிராம். பார்த்தால் நெருக்கமாகத்தான் தெரியும். ஆனால் வெந்த ராஜ்மாவின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். கிராக்கரில் தண்ணீர் ஏறக்குறைய இல்லவே இல்லை. இருந்தால் மொறுமொறுப்பே இருக்காது. ஈரத் துணியையும் காய்ந்த துணியையும் ஒரே தராசில் வைத்து நூலை எடைபோடுவது போன்ற வேலை இது. எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது: காய்ந்த ராஜ்மாவின் 20 கிராம் புரதத்தை எடுத்துக்கொண்டு, தட்டில் இருக்கும் வெந்த ராஜ்மாவுக்கு அதைப் பொருத்திவிடுகிறார்கள்.

தண்ணீரைக் கணக்கிலிருந்து நீக்க எளிய வழி, இரண்டையும் 100 கலோரி அளவுக்குக் கொண்டுவருவது. 100 கலோரிக்கு வெந்த ராஜ்மா சுமார் 80 கிராம், ஒரு சின்னக் கிண்ணம். அதில் புரதம் சுமார் 7 கிராம், நார்ச்சத்து 5 கிராம், இரும்பு 1.7 மில்லிகிராம், ஃபோலேட் என்னும் பி வைட்டமின் 100 மைக்ரோகிராமை ஒட்டி. 100 கலோரிக்குக் கிராக்கர் 25 கிராம். அரிசி மாவு முதலிடத்தில் இருந்தால் புரதம் ஒன்றரை முதல் 2 கிராம். மரவள்ளி, உருளைக்கிழங்கு, சோள ஸ்டார்ச் முதலிடத்தில் இருந்தால் பெரும்பாலும் 1 கிராமைத் தாண்டாது. நார்ச்சத்தும் வழக்கமாக 1 கிராமுக்குள். கொண்டைக்கடலையை எடுத்தாலும் முடிவு மாறாது: 100 கலோரிக்கு 5 கிராமுக்கு மேல் புரதம், நாலரை கிராம் நார்ச்சத்து. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கிண்ணம் சுண்டல் அதில் ஐந்தில் ஒரு பங்கை அடைத்துவிடும்.

ஸ்டார்ச் வகை கிராக்கரில் இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் தயாரிப்பு முறையிலேயே இருக்கிறது. கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடும் பசைதான் குளூட்டன். அதை எடுத்துவிட்டால் மாவு ஒட்டாது, வில்லை உதிர்ந்துபோகும். அந்த ஒட்டுதலுக்காக ஸ்டார்ச்சும் கம் வகைகளும், மொறுமொறுப்புக்காக எண்ணெயும் சேர்க்கிறார்கள். ஸ்டார்ச் என்பது தானியத்திலிருந்தோ கிழங்கிலிருந்தோ புரதத்தையும் நாரையும் தாதுக்களையும் கழுவி நீக்கிய பிறகு எஞ்சும் வெள்ளை மாவு. அதனால் பாக்கெட்டை வாங்கும்போது பொருள் பட்டியலில் முதல் இரண்டு பெயர்களைப் படியுங்கள். எடையில் அதிகமானது முதலில் வரவேண்டும் என்பது சட்டம். ஸ்டார்ச்சும் பாமாயிலும் முன்வரிசையில் இருந்தால் மேலுறையில் எந்தத் தானியத்தின் படம் இருந்தாலும் பயனில்லை. கடலை மாவோ பருப்பு மாவோ முதலிடத்தில் உள்ள கிராக்கர்களும் இப்போது வருகின்றன. அவை கொஞ்சம் மேல்.

சர்க்கரை நோயாளிகள் பார்க்கவேண்டியது கிளைசெமிக் குறியீடு, அதாவது ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதன் அளவு. குளுக்கோஸை 100 என்று வைத்தால் அரிசி கிராக்கர்கள் 80க்கு மேல் நிற்கின்றன. ராஜ்மாவும் கொண்டைக்கடலையும் 30ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ நிற்கின்றன. பயறில் ஸ்டார்ச், செல்சுவர்களுக்குள் அடைபட்டிருக்கிறது. வெந்த பிறகும் அந்தச் சுவர் முழுவதும் உடைவதில்லை, செரிமான நொதி மெல்ல மெல்லத்தான் உள்ளே போகமுடியும். கிராக்கரிலோ அரைத்து, வேகவைத்து, பொரியவைத்து ஸ்டார்ச்சை ஏற்கெனவே திறந்து வைத்தாகிவிட்டது. இதே காரணத்தால்தான் கடலை மாவு கிராக்கரும் முழுக் கடலைச் சுண்டலும் ஒன்றாகிவிடாது. அரைத்ததும் அந்தச் சுவரில் பாதி போய்விடுகிறது.

உப்பு விஷயத்தில் மட்டும் சுண்டல் தானாக ஜெயித்துவிடாது. உப்பில்லாமல் வெந்த பயறில் சோடியம் சொற்பம். ஆனால் நான்கு பேருக்கான சுண்டலில் அரை டீஸ்பூன் உப்பு போட்டாலே ஆளுக்கு 250 முதல் 300 மில்லிகிராம் சோடியம் வந்துவிடும். அது 30 கிராம் கிராக்கரில் வழக்கமாக இருப்பதற்குக் குறைந்ததல்ல. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை கால் டீஸ்பூனாகக் குறைத்து, மாங்காய், இஞ்சி, எலுமிச்சையால் சுவையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். பாக்கெட்டில் சோடியம் என்று போட்டிருக்கும் எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்.

இனி, குளூட்டன் யாருக்கு ஆகாது? கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள இந்தப் புரதம் சீலியாக் நோய் உள்ளவர்களின் சிறுகுடல் உறிஞ்சிகளைச் சிதைக்கிறது. நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே இதை முன்பே சந்தேகித்திருந்தார். 1944-45 பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது சீலியாக் நோயுள்ள குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்பியதும் மீண்டும் நோயுற்றதும் அவர் எண்ணத்தை வலுப்படுத்தின. 1950இல் அவர் தன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். இந்தியாவில் 2016இல் வெளியான ஆய்வின்படி இந்நோய் வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல், தெற்கே ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில் உள்ளது. அப்படியானால் தமிழ்நாட்டில் குளூட்டன் இல்லாத பாக்கெட்டை வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது மருத்துவத் தேவை அல்ல. அதே வேளை, அந்த ஆயிரத்தில் ஒருவருக்கு அது உயிர்ப்பிரச்சினை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசக்கூடாது.

சீலியாக் நோயாளிக்குத்தான் இந்த ஒப்பீடு மிக முக்கியம் என்போம். இரும்புச் சத்து உறிஞ்சப்படுவது சிறுகுடலின் முதல் பகுதியில். இந்நோய் முதலில் தாக்குவதும் அந்த இடத்தைத்தான். அதனால் பலருக்கு ரத்தசோகையே முதல் அறிகுறி. அப்படிப்பட்டவர் சப்பாத்தியை விட்டுவிட்டு அந்த இடத்தை ஸ்டார்ச் கிராக்கரால் நிரப்பினால், கோதுமையிலிருந்து வந்துகொண்டிருந்த நார்ச்சத்தும் இரும்பும் பி வைட்டமின்களும் கூடப் போய்விடுகின்றன. குடல் ஆறுகிறது, உடம்பு தேறுவதில்லை. பயறு, சிறுதானியம், கீரை என்று நிரப்பினால் இந்தப் பள்ளம் விழாது. ஒன்று கவனிக்க வேண்டும்: நோய் கண்டறிந்த முதல் வாரங்களில் குடல் புண்பட்டிருக்கும். அப்போது கிண்ணம் கிண்ணமாக ராஜ்மா கொடுத்தால் வயிறு உப்பி வலிக்கும். குழைய வெந்த பாசிப்பருப்பில் தொடங்கி, பிறகு தட்டப்பயறு, கடைசியாகக் கொண்டைக்கடலையும் ராஜ்மாவும் என்று கூட்டிப் போகவேண்டும்.

பயறில் இயல்பாகக் குளூட்டன் கிடையாது. ஆனால் நம் சமையலறையில் அது வந்து சேரும் வழிகள் உண்டு. முதல் வழி பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில், கட்டியானாலும் தூளானாலும், கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம். டப்பாவின் பின்புறம் பாருங்கள், எழுதியிருக்கும். சுண்டலுக்குத் தாளிக்கும்போது போடும் அந்தச் சிட்டிகை சீலியாக் நோயாளிக்கு ஆகாது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் வாங்கலாம், இல்லையேல் இஞ்சியும் பூண்டும் போதும். இரண்டாவது, மாவு மில். கோதுமை அரைத்த கல்லில் அடுத்து அரைக்கும் கடலை மாவில் முந்தைய மாவு கலந்தே வரும். வீட்டு மிக்ஸியில் அரைப்பதுதான் வழி. மூன்றாவது, மூட்டையிலேயே கலந்து வரும் கோதுமை மணி. பயறை வெள்ளைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, நடுவில் கோடு விழுந்த நீள மணிகளைப் பொறுக்கிவிட்டு, இரண்டு மூன்று முறை கழுவவேண்டும். சமோசா பொரித்த எண்ணெயில் பொரித்த பஜ்ஜியும் ஆகாது. பாக்கெட் கிராக்கர் சீலியாக் நோயாளிக்கு உண்மையாகவே உதவும் இடம் இதுதான்: குளூட்டன் இல்லை என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது பன்னாட்டு விதி, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதியும் அதுவே. ரயில் பயணத்தில், கல்யாண வீட்டில், பள்ளியில் பிள்ளைக்கு நம்பிக் கொடுக்க ஒரு பாக்கெட் பையில் இருக்கட்டும்.

மூன்று வேளையும் அரிசியே உண்ணும் பிள்ளைக்கு இடையிலும் அரிசி கிராக்கர் என்றால் ஆர்சனிக் என்னும் நச்சுப் பொருளையும் நினைக்கவேண்டும். நெற்பயிர் தண்ணீரில் நிற்பதால் மற்றத் தானியங்களைவிட அதிகமாக அதை உறிஞ்சுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2016 முதல் அரிசி கிராக்கர்களுக்குக் கிலோவுக்கு 0.30 மில்லிகிராம் என்று கனிமநிலை ஆர்சனிக்குக்கு வரம்பு வைத்திருக்கிறது. பயம் வேண்டாம், நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சி வடிக்கும் நம் பழக்கமே அதைக் குறைக்கும். ஆனால் கொறிப்பதையாவது அரிசியிலிருந்து மாற்றிவிடலாம்.

பயறு பக்கம் வாதிட்டுவிட்டு அதில் வரும் சிக்கல்களைச் சொல்லாமல் விட்டால் முறையல்ல. "வேகவே மாட்டேன் என்கிறது, வாயு பிடிக்கிறது" என்றுதான் பலரும் கிராக்கருக்குப் போகிறார்கள். இரண்டுக்கும் காரணமும் மருந்தும் உண்டு.

ஆளுக்கு 30 கிராம் காய்ந்த பயறு, அதாவது பெரியவர் கையில் ஒரு பிடி, போதும். வெந்ததும் 70 கிராம் வரும். 2024இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் நாளொன்றுக்குப் பருப்பு, பயறு 85 கிராம் என்கிறது. மதியம் சாம்பார் சாப்பிடுகிறவருக்கு மாலைச் சுண்டல் மீதியைச் சரிக்கட்டும். பயறைப் போல மூன்று நான்கு மடங்கு தண்ணீரில் 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். கோடையில் எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் நுரைத்துப் புளித்துவிடும். நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள் அல்லது ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஊறவைக்க மறந்துவிட்டால், தண்ணீரோடு மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடி ஒரு மணி நேரம் விட்டால் ஓரளவு ஈடாகும்.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாயுவுக்குக் காரணமான ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகளை உடைக்கும் நொதி நம் குடலில் இல்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் அவற்றைப் புளிக்கவைத்து வாயு ஆக்குகின்றன. அவற்றில் ஒரு பகுதி ஊறிய தண்ணீரில் இறங்கிவிடும். கொஞ்சம் ஃபோலேட்டும் போகும். அந்த நட்டத்தைத் தாங்கலாம். முளைகட்டினால் இந்தச் சர்க்கரைகள் இன்னும் குறையும். பழக்கமில்லாதவர் முதல் வாரம் இரண்டு கரண்டியில் தொடங்கவேண்டும்.

வேகாமல் போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். பயறு பழசு: வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் தோலும் செல்சுவரும் இறுகிவிடும், எத்தனை விசில் விட்டாலும் நடுவில் மணல் போல நிற்கும். தண்ணீர் கடினம்: ஆழ்துளைக் கிணற்று நீரின் கால்சியமும் மக்னீசியமும் பயறின் செல்சுவரில் உள்ள பெக்டின் என்னும் பசையைப் பிடித்து இறுக்கும், குடிநீரில் வேகவையுங்கள். புளிப்பு முந்திவிட்டது: தக்காளி, புளி, மாங்காய் எல்லாம் வெந்த பிறகுதான். உப்பைப் பற்றிய பயம் மட்டும் தேவையற்றது; ஊறும் தண்ணீரில் சிறிது உப்பு சேர்த்தால் தோல் சீக்கிரம் இளகும். சோடா உப்பும் இளக்கும், ஆனால் தயமின் என்னும் பி1 வைட்டமினை அழித்துவிடும், பழகிக்கொள்ள வேண்டாம். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், நுரை அடங்க ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, கொண்டைக்கடலை, ராஜ்மாவுக்கு ஐந்தாறு விசிலும் பிறகு சிறுதீயில் பத்து நிமிடமும் வையுங்கள். ஒரு மணியை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் வெண்ணெய் போல மசியவேண்டும். நடுவில் வெள்ளைப் புள்ளி தட்டுப்பட்டால் இன்னும் இரண்டு விசில்.

ராஜ்மாவில் இது ருசிக்காகச் சொல்வது மட்டுமல்ல. வேகாத ராஜ்மாவில் லெக்டின் என்னும் நச்சுப் புரதம் உண்டு. நான்கைந்து பச்சை விதைகளே வாந்தி, வயிற்றுப்போக்கு வரவழைக்கப் போதும். சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் தொடங்கும். கொதிநிலையில் அது அழிந்துவிடும். 80 டிகிரிச் சூட்டில் மட்டும் நின்றால் அதன் வீரியம் பச்சையைவிடக் கூடவும் செய்யலாம். ஆகவே ஸ்லோ குக்கரில் ராஜ்மாவை நேராகப் போடக்கூடாது; ஊறவைத்து, தண்ணீர் மாற்றி, அரை மணி நேரம் நன்கு கொதிக்கவைத்த பிறகே போடலாம். பிரஷர் குக்கரில் இந்தக் கவலை இல்லை.

இரும்புச் சத்து உடம்பில் சேர்வதற்கும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. பயறில் இரும்பு இருந்தாலும் அதிலேயே உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் அதைக் கட்டிப்போடுகிறது. வைட்டமின் சி அந்தக் கட்டை அவிழ்க்கும். எலுமிச்சையைத் தாளிப்பில் பிழிந்தால் சூட்டில் வீணாகும். அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறவிட்டுப் பிழியுங்கள். சுண்டலோடு சேர்த்தே தேநீர் குடிப்பதை விடுங்கள், ஒரு மணி நேரம் இடைவெளி கொடுங்கள். தேயிலையின் துவர்ப்பு இரும்பைத் தடுக்கும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கும்போது இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே பயறு சாப்பிட வேண்டும். வெந்த ராஜ்மா 100 கிராமில் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது; அவர்களுக்கு அது மிகுதியாகலாம். பி12 வைட்டமின் பயறிலும் இல்லை, கிராக்கரிலும் இல்லை.

மொறுமொறுவென்று ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு, தோலோடு வறுத்த உப்புக்கடலை இருக்கிறதே. கோதுமை சேராதது, சமைக்க வேண்டாம், ஒரு பிடியில் 6 கிராமை ஒட்டிப் புரதம். வீட்டில் செய்யும் தட்டையும் அரிசி மாவு, உளுந்து மாவு, ஊறிய கடலைப்பருப்புதான். குளூட்டன் கிடையாது, ஆனால் எண்ணெய் குடித்தது, எப்போதாவது போதும். பாக்கெட் கிராக்கரே வேண்டுமானால் அதன்மேல் மசித்த கொண்டைக்கடலையைத் தடவிச் சாப்பிடலாம். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில், அரிசியில் குறையும் லைசின் பயறில் நிறைய, பயறில் குறையும் மெத்தியோனின் அரிசியில் உண்டு. இட்லியில் உளுந்தும் அரிசியும் சேர்ந்து செய்யும் வேலையே இது.

கடைசியாக, இதைத் தவறாமல் வெளியிடும்படி வேண்டுகிறோம். கோதுமை சாப்பிட்டால் வயிறு சரியில்லை என்று தோன்றினால், தாங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டுக் கிராக்கருக்கு மாறாதீர்கள். சீலியாக் நோய்க்கான டிடிஜி ரத்தப் பரிசோதனை, குளூட்டன் உடம்பில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். சில மாதங்கள் நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். பிறகு உறுதிசெய்ய மறுபடி வாரக்கணக்கில் கோதுமை சாப்பிட்டு அவதிப்பட நேரும். முதலில் பரிசோதனை, அதன் முடிவைப் பார்த்து உணவு மாற்றம்.

இப்படிக்கு,
உணவியலாளர்கள் இருவர்,
திருச்சிராப்பள்ளி.